ட்ரெல்லோ செக்லிஸ்ட்டில் 40 ஐட்டங்களை ஒவ்வொன்றாக அடிக்காமல் சேர்க்க ஏதாவது கருவி இருக்கிறதா?

நாற்பது வரிகளும் எக்செல்லில் இருக்கின்றன, ட்ரெல்லோவில் (வேலைகளைக் கார்டுகளாக வைத்துக் கவனிக்கும் செயலி) கார்டு கார்டாக அடித்து அலுத்துவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். தனிக் கருவி எதுவும் வேண்டாம். எக்செல்லில் அந்த நெடுவரிசையை மொத்தமாக காப்பி செய்து, செக்லிஸ்ட்டில் ஐட்டம் சேர்க்கும் பெட்டியில் பேஸ்ட் செய்து சேர்த்துவிடுங்கள். வரிக்கு ஓர் ஐட்டமாகப் பிரிந்துவிடும். ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும்: எக்செல்லில் ஒரே கட்டத்துக்குள் ஆல்ட் என்டர் தட்டி இரண்டு வரியாக எழுதியிருந்தால், அது இரண்டு ஐட்டமாக உடைந்து வரும். முதலில் அவற்றை ஒரே வரியாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் 40 ஐட்டம் வைத்திருப்பவருக்கு அடுத்து வரப்போகும் சிக்கல் 41ஆவது ஐட்டம். அதை எங்கே சேர்ப்பது என்பதில்தான் நாங்கள் நன்றாக அடிபட்டோம்.

கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. கடைக்கு ஒரு கார்டு, அதற்குள் செக்லிஸ்ட். ஒரு மளிகைக் கடையில் திறப்பு நாளன்று காலையில் பில் அடித்தால், வலது ஓரத்தில் தொகை வெட்டுப்பட்டு வந்தது. 145 ரூபாய் இருக்க வேண்டிய இடத்தில் 1 மட்டும். பிரிண்டரில் இருந்தது 58 மி.மீ. தாள், மென்பொருளில் 80 மி.மீ. என்று இருந்தது. அமைப்பை மாற்ற இரண்டு நிமிடம் போதும். ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை கல்லாவில் இருந்த அம்மா ஒவ்வொரு பில்லிலும் பேனாவால் தொகையை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாசல்வரை வரிசை நின்றது. அன்று மாலையே அந்தக் கடையின் கார்டில் 'தாள் அகலம் பார்' என்று ஓர் ஐட்டம் சேர்த்தோம்.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு கடையில் அதே தவறு நடந்தது. சேர்த்த ஐட்டம் பழைய கார்டிலேயே தங்கிவிட்டது. ட்ரெல்லோவில் ஒரு செக்லிஸ்ட்டை நகலெடுத்தால், நகலுக்கும் மூலத்துக்கும் அதற்குப் பிறகு எந்தத் தொடர்பும் கிடையாது. ஒன்றில் சேர்ப்பது மற்றதற்குப் போகாது. இதை முன்பே யோசித்திருந்தால் அந்த இரண்டாவது கடைக்காரர் முன்னால் தலைகுனிந்து நின்றிருக்க வேண்டியதில்லை.

அதனால் முதலில் ஒரு டெம்ப்ளேட் கார்டு உருவாக்குங்கள். உங்கள் 40 வரிகளை அதில் பேஸ்ட் செய்யுங்கள். புதிய கார்டு எல்லாமே அதிலிருந்துதான் பிறக்க வேண்டும். எந்தப் புது ஐட்டமும் முதலில் அங்கே போகட்டும்.

சரி, ஏற்கெனவே திறந்திருக்கும் கார்டுகளுக்கு என்ன செய்வது? நாலைந்து என்றால் கையாலேயே சேர்த்துவிடுங்கள். எங்களிடம் ஒரே நேரத்தில் இருபதுக்கு மேல் ஓடுவதால் ட்ரெல்லோ ஏபிஐயை (வெளி நிரல்கள் ட்ரெல்லோவோடு பேசுவதற்கான வழி) வைத்துச் சின்னதாக ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டேன். போர்டில் (கார்டுகள் எல்லாம் இருக்கும் பலகை) உள்ள கார்டுகளை எடுக்கும். ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட பெயருள்ள செக்லிஸ்ட்டைத் தேடும். அதில் புது வரியைச் சேர்க்கும். மேலே வர வேண்டுமா கீழே வர வேண்டுமா என்பதையும் சொல்லலாம். ஒரு டோக்கனுக்கு (ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கும் அனுமதிச் சாவி) 10 வினாடியில் 100 அழைப்பு என்பது வரம்பு, இருபது கார்டுக்கு அது தாராளம். அதே பெயரில் ஐட்டம் ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடும்படி ஒரு நிபந்தனை கட்டாயம் வையுங்கள். இல்லாவிட்டால் ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டும்போது ஒரே வரி இரண்டு தடவை ஏறிவிடும். நிரல் எழுத வராது என்றால் ட்ரெல்லோவிலேயே இருக்கும் 'ஆட்டோமேஷன்' (பட்லர்) வசதியைப் பாருங்கள். 'இந்த லிஸ்ட்டுக்குக் கார்டு வந்தால் இந்த செக்லிஸ்ட்டைச் சேர்' என்று விதி போடலாம். ஐட்டத்துக்கு ஐட்டம் ஆளும் கெடு தேதியும் போடும் வசதி மட்டும் கட்டணத் திட்டத்தில்தான் வரும். நாங்கள் ஐட்டத்தின் தொடக்கத்திலேயே ஆள் பெயரை எழுதிவிடுகிறோம், அது போதுமானதாக இருக்கிறது.

ஐட்டத்தை எழுதும் விதமும் முக்கியம். 'பிரிண்டர்' என்று எழுதினால் டிக் போடுபவர் பிரிண்டரைப் பார்த்துவிட்டு டிக் போடுவார். எங்களுடைய வரி இப்போது இப்படி இருக்கிறது: 'தாள் அகலத்தை அளந்து, மூன்று பொருள் போட்டு ஒரு பில் அடித்து, தொகை முழுதாக வருகிறதா என்று பார்.'

அப்புறம், டெம்ப்ளேட்டை எல்லாரும் திருத்த விடாதீர்கள். அதற்காக ஆட்களின் வாயையும் அடைத்துவிடாதீர்கள். எங்கள் டெம்ப்ளேட்டின் கடைசியில் 'புதுசு' என்று காலியாக ஒரு செக்லிஸ்ட் இருக்கிறது; அதன் நகல் ஒவ்வொரு கடையின் கார்டிலும் வரும். கடையில் நிற்கும் பையன்கள் போன் கீபோர்டின் மைக்கை அழுத்தித் தமிழிலேயே பேசி அதில் சேர்த்துவிடுகிறார்கள். சனிக்கிழமை மாலை நான் எல்லாவற்றையும் படித்து, தேவையானதை டெம்ப்ளேட்டுக்கு மாற்றுகிறேன். போன வாரம் ஒரு கார்டில் வந்திருந்தது: 'யுபிஎஸ் ஒயரை பைப்புக்குள்ள விடணும், அரிசி மூட்டை பக்கத்துல எலி இருக்கு.' அது இப்போது எங்கள் பட்டியலில் 63ஆவது ஐட்டம்.