தந்தி 22 மணி நேரம் லேட்: வாசகர் கேள்வி பதில்

நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து, படமே இல்லாமல் எழுத்தை மட்டும் வைத்து ஆன்லைனில் பலர் ஆடுகிற ஒரு பேய்க்கதை கேம் செய்யப் பார்க்கிறோம். பழைய கதைகளில் எதை எடுக்கலாம்?
- வாசகர், கோவை

கண்ணை மூடிக்கொண்டு டிராகுலாவை எடுங்கள். ரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபுவைப் பற்றி பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய நாவலைச் சொல்கிறேன், சினிமாவை அல்ல. நாவலில் கதைசொல்லி என்று ஒருவர் கிடையாது. பிரபுவின் கோட்டைக்குப் போகும் இளம் வழக்கறிஞர் ஹார்க்கரின் டைரி, அவருக்கு நிச்சயமான மினாவும் அவள் தோழி லூசியும் போட்டுக்கொள்ளும் கடிதங்கள், தந்திகள், பத்திரிகைச் செய்திகள், டாக்டர் சீவர்ட் போனோகிராஃப் என்ற பழைய ஒலிப்பதிவுக் கருவியில் பேசிப் பதிந்த குறிப்புகள், இவற்றை அடுக்கி வைத்ததுதான் மொத்தக் கதையும். ஹார்க்கர் கோட்டையில் மாட்டிக்கொண்டது லூசிக்குத் தெரியாது. தன் மனநல மருத்துவமனைக்குப் பக்கத்து வீடான கார்ஃபாக்ஸை டிராகுலாதான் வாங்கியிருக்கிறார் என்று சீவர்டுக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்த ஒரே ஆள் வாசகர்தான், வயிற்றைக் கலக்குவதும் அதுதான்.

உங்கள் கேமில் அந்த வாசகரைத் தூக்கிவிடுங்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம், ஒருவர் பார்த்தது இன்னொருவருக்குத் தெரிய வேண்டுமானால் கடிதம்தான் போட வேண்டும், அதுவும் தாமதமாகத்தான் போய்ச் சேரும். நாவலிலேயே, லூசியைக் காவல் காக்கச் சொல்லி சீவர்டுக்கு அவருடைய குரு வான் ஹெல்சிங் அடித்த தந்தி, முகவரியில் மாவட்டப் பெயர் இல்லாததால் வேறு ஊருக்குப் போய் 22 மணி நேரம் கழித்து வருகிறது. அந்த ராத்திரிதான் ஓநாய் ஜன்னலை உடைக்கிறது. இதைவிட நல்ல கேம் விதி யாருக்குக் கிடைக்கும்!

நாங்கள் ஒன்று செய்து பார்த்தோம், சார். பயமே வரவில்லை. எல்லோரும் சாட்டில் ஜோக் அடிக்கிறார்கள், செத்தாலும் உடனே எழுந்து வந்துவிடுகிறார்கள்.
- வாசகி, திருநெல்வேலி

ஜோக் அடிப்பதற்கு அவர்களைக் குறை சொல்லாதீர்கள், நாலு பேர் கூடினால் சுடுகாட்டில்கூட சிரிப்பு வரும். எல்லோருக்கும் பொதுவான சாட்டை எடுத்துவிடுங்கள், ஒரே அறையில் நிற்பவர்கள் மட்டும் பேசிக்கொள்ளட்டும். சாவு விஷயத்தில் முன்னோர் கறாராக இருந்தார்கள். 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த, எழுத்தை மட்டும் வைத்துப் பலர் ஆடும் 'மட்' விளையாட்டில், சண்டையில் செத்தால் அந்தப் பாத்திரமே அழிந்துபோகும்.

ஆனால் நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன், லூசியைப் பாருங்கள். செத்து ரத்தக் காட்டேரியான பிறகுதான் லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் பக்கம் குழந்தைகளைக் கூப்பிட ஆரம்பிக்கிறாள். அதே போல் செத்தவரை ஆட்டத்திலேயே விட்டு வையுங்கள், பெயரும் கையெழுத்தும் அதேதான், வேலை மட்டும் எதிர்க்கட்சிக்கு. மற்றவர்களுக்குச் சொல்லக் கூடாது. அடுத்த கடிதத்தைப் பிரிக்கும்போது எவன் ஜோக் அடிக்கிறான் பார்க்கலாம்.

டிராகுலாவாக யார் ஆடுவது? எங்கள் குழுவில் இதற்குத்தான் அடிதடி.
- வாசகர், ஈரோடு

யாரும் வேண்டாம். முதல் நாலு அத்தியாயம் போனபின் பிரபு அபூர்வமாகத்தான் கண்ணில் படுகிறார், மனிதர் ஆட வந்தால் தலையைக் காட்டாமல் இருக்க மாட்டார். நிரலிடம் விடுங்கள், அது பெட்டிகளை மட்டும் நகர்த்தட்டும். பிரபு படுப்பதற்காக இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் வந்து இறங்கிய மண் பெட்டிகள் 50, கார்ஃபாக்ஸில் எண்ணிப் பார்த்தால் 29, மிச்சம் 21 லண்டனில் எங்கோ. வான் ஹெல்சிங் கூட்டத்தார் தேடித் தேடி 49-ஐ அவர் படுக்க முடியாதபடி கெடுத்துவிடுகிறார்கள், கடைசி ஒன்று கப்பலேறிவிடுகிறது. இவர்கள் வார்னா துறைமுகத்தில் காத்திருக்க, அது கலாட்ஸ் துறைமுகத்தில் போய் நிற்கிறது. எனக்கு இந்தப் பெட்டி வேட்டை கோட்டைக் காட்சிகளைவிடப் பிடிக்கும், ஊரில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

தமிழிலேயே கட்டளை தட்டி ஆட முடியுமா?
- வாசகர், மதுரை

முடியும். இந்த மாதிரி எழுத்து கேம் கட்டுவதற்கென்றே பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்ட எவெனியா என்ற மென்பொருள் இலவசம், பிரவுசரிலேயே ஆடலாம், தமிழ் எழுத்தும் வரும். சிக்கல் வேற்றுமை உருபில்தான். ஒருவர் 'பெட்டி திற' என்பார், இன்னொருவர் 'பெட்டியைத் திற' என்பார், அப்புறம் 'மரம்' என்பது 'மரத்தை' ஆகும், 'வீடு' 'வீட்டை' ஆகும். இலக்கணம் முழுவதையும் நிரலுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனால் கேம் வெளியே வராது. கடைசிச் சொல்லை வினையாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பொருளுக்கும் 'மரம்', 'மரத்த' என்று இரண்டு தொடக்கங்களைப் பதிந்துவிட்டு, தட்டிய சொல் அதில் எதிலாவது ஆரம்பிக்கிறதா என்று பாருங்கள். முக்கால்வாசி வேலை ஆச்சு.

காப்புரிமை?
- அதே மதுரை வாசகர்

ஸ்டோக்கர் 1912-இலேயே காலமாகிவிட்டார், இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுதான் கணக்கு, எனவே பயமில்லை. ஆனால் கடையில் கிடைக்கும் தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து வரிகளை எடுக்காதீர்கள், அதற்குத் தனி உரிமை உண்டு. சினிமாவிலிருந்தும் எடுக்காதீர்கள். வெயில் பட்டால் சாகும் விஷயம்கூட 1922-இல் வந்த ஜெர்மன் படத்தின் சரக்கு, நாவலில் பிரபு பட்டப்பகலில் லண்டன் தெருவில் நிற்கிறார், ஹார்க்கர்தான் அவரைப் பார்த்து வெளிறிப்போகிறார்.