தவளைக் கருவில் திசு அடுக்குகள் எப்படிப் பிரிகின்றன?

எல்லாம் ஒரே முட்டையிலிருந்து வந்த செல்கள்தானே, அப்புறம் எப்படித் தோல், தசை, குடல் என்று தனித்தனி அடுக்காகப் பிரிகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கப்படும் ஆப்பிரிக்கத் தவளையான ஜெனோபஸை வைத்தே சொல்கிறேன்.

அதன் முட்டையின் மேல்பாதி கருமையாக இருக்கும். மஞ்சள் கரு நிறைந்த கீழ்ப்பாதி வெளிறியிருக்கும். மேல்பாதிச் செல்கள் தோலுக்கும் நரம்புக்கும், கீழ்ப்பாதிச் செல்கள் குடலுக்கும் போகும். இந்த வேறுபாட்டுக்கான விதை தாயிடமிருந்தே வருகிறது. வெக்-டி என்ற மரபணுவின் ஆர்.என்.ஏ. கீழ்ப்பாதியில் முன்கூட்டியே சேர்ந்திருக்கிறது. அதை அழித்துவிட்டால் குடல் அடுக்கு உருவாவதில்லை.

சரி, தசையும் இரத்தமும் சிறுநீரகமும் தரும் நடு அடுக்கு? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கருவின் மேல்தொப்பியைத் தனியே வெட்டி வளர்த்தால் வெறும் தோல் உருண்டையாகவே நிற்கும். கீழ்ச் செல்களோடு ஒட்டவைத்தால் அதே தொப்பி தசையை உருவாக்குகிறது. 1969-இல் கருவியல் அறிஞர் பீட்டர் நியூகூப் இதை ஆக்சலாட்டல் என்ற சாலமாண்டர் வகையின் கருக்களில் காட்டினார். பிறகு ஜெனோபஸிலும் அப்படியே நடந்தது.

காரணம், கீழ்ச் செல்கள் செய்தியாகச் சுரக்கும் நோடல் வகைப் புரதங்கள். மேலே உள்ள செல்லின் ஏற்பி அதைப் பிடித்ததும், உள்ளே ஸ்மாட்2 என்ற புரதம் தூண்டப்பட்டு, உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்குகிறது.

செய்தி மட்டுமல்ல, அதன் அளவும் முக்கியம். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆக்டிவின் என்ற புரதத்தின் கரைசலில் தொப்பிச் செல்களை வைத்தால், மிதமான செறிவில் நடு அடுக்குக்கான பிராக்கியூரி என்ற மரபணு இயங்கும். செறிவு கூடினால் கூஸ்காய்டு என்ற வேறொரு மரபணு இயங்கும்.