நாம் தெளிவாகச் சொன்னாலும் கேட்பவருக்கு ஏன் வேறு மாதிரி போய்ச் சேர்கிறது?

மொழி தெரியாதது, இரைச்சல், கவனமின்மை என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் மொழி தெரியாதவரிடம் பேசும்போது நாம் நிறுத்தி நிதானமாகத்தான் பேசுவோம். ஒரே மொழி பேசி, தினமும் பழகுகிறவர்களிடம்தான் பேச்சு அதிகம் தடம் மாறுகிறது என்பது என் எண்ணம். சொன்னவுடனே அது போய்ச் சேர்ந்துவிட்டதாக நம்பிவிடுகிறோம்.

1990-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்பவர் ஒரு சோதனை செய்தார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றை ஒருவர் மேசையில் தட்ட வேண்டும். எந்தப் பாட்டு என்று கேட்பவர் சொல்ல வேண்டும். பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள். 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவரின் மனதில் மெட்டு ஓடுகிறது; கேட்பவருக்குக் கிடைப்பது வெறும் டொக் டொக். "அதை நாளைக்குள் முடித்துவிடுங்கள்" என்று சொல்லும்போதும் இதேதான். எதை, எந்த அளவுக்கு என்பதெல்லாம் சொல்பவரின் தலைக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

இன்னொரு தடை, திரும்பக் கேட்கத் தயங்குவது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் நடந்த விமான விபத்துதான் மனதில் வரும். 1977 மார்ச் 27, அந்தத் தீவின் விமான நிலையத்தில் கடும் மூடுபனி. நெதர்லாந்து நிறுவனமான கே.எல்.எம்.-இன் விமானம் புறப்படுவதற்காக ஓடுபாதையின் ஒரு முனையில் நிற்கிறது. அமெரிக்க நிறுவனமான பான் ஆமின் விமானம் அதே பாதையில் எதிரே ஊர்ந்து வருகிறது. புறப்படுவதாக கே.எல்.எம். விமானி சொன்னதற்கு, கட்டுப்பாட்டு அறையிலிருந்து "சரி" என்று தொடங்கி, "காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்" என்கிறார்கள். அதே நொடியில் பான் ஆம் விமானியும் "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்கிறார். இரண்டும் ஒரே அலைவரிசையில் மோதியதில், கே.எல்.எம். விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது அந்தச் "சரி" மட்டும்தான். மற்றது கீச்சொலியாகிவிட்டது.

கே.எல்.எம். விமானம் ஓடத் தொடங்கிய பிறகும் ஒரு வாய்ப்பு இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த விமானப் பொறியாளருக்குச் சந்தேகம் வந்து, "அவர்கள் இன்னும் விலகவில்லையா?" என்று கேட்டார். "விலகிவிட்டார்கள்" என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னார். அவர் அந்த நிறுவனத்திலேயே மூத்த பயிற்சியாளர். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. இரண்டு விமானங்களும் மோதின. இறந்தவர்கள் 583 பேர்.

அந்தப் பொறியாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டார். மேலே இருப்பவரின் உறுதியான குரலைத் தாண்டி இன்னொரு தடவை கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். பிற்பாடு, இளையவர்கள் துணிந்து சந்தேகத்தைச் சொல்லவும் மூத்தவர்கள் அதைக் காதுகொடுத்துக் கேட்கவும் விமானிகளுக்குத் தனியாகவே பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள்.

சரி, நாம் என்ன செய்யலாம்? "புரிந்ததா?" என்று நான் கேட்பதில்லை. அதற்குப் பெரும்பாலும் தலையாட்டல்தான் பதிலாக வரும். "முதலில் எதைச் செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டால், நான் நினைத்ததும் அவர் எடுத்துக்கொண்டதும் எங்கே பிரிகின்றன என்று அப்போதே தெரிந்துவிடும். அப்புறம், யாராவது இரண்டாவது தடவை கேட்டால், அதே வாக்கியத்தைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லாதீர்கள். வேறு சொற்களில் சொல்லுங்கள், முடிந்தால் ஒரு உதாரணத்தோடு. முகம் சுளித்தால் மூன்றாவது தடவை அவர் கேட்கவே மாட்டார்.