மெடிசி என்ற வங்கிக் குடும்பத்தால்தான் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் பணக்கார நகரம் ஆனதா?

இல்லை, அவர்கள் தலையெடுப்பதற்கு முன்பே அது பணக்கார நகரம்தான். ஃபிளாரன்ஸ் பற்றி நீங்கள் எழுதும் கட்டுரையில் 14ஆம் நூற்றாண்டுப் பகுதி ஒட்டாமல் நிற்கிறது; அது "மெடிசி ஆட்சி, அதனால் வளம்" என்று தொடங்குவதுதான் காரணம்.

இந்தக் குழப்பம் பெரும்பாலும் கலையிலிருந்து வருகிறது. ஓவியம், சிற்பம் என்று எதைத் தொட்டாலும் மெடிசி பெயர் வரும். ஆனால் அடித்தளம் கம்பளித் துணி. இங்கிலாந்திலிருந்து கம்பளி வாங்கி, நெய்து, சாயமேற்றி விற்றார்கள். கூடவே வங்கித் தொழிலும் வளர்ந்தது. 1252இல் ஃபிளாரன்ஸ் வெளியிட்ட ஃபுளோரின் நாணயம் சுமார் மூன்றரை கிராம் தங்கம். ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் திருமுழுக்கு யோவான். எடையும் தரமும் குறையாததால் ஐரோப்பாவெங்கும் நம்பி வாங்கினார்கள். எனக்கு இதுதான் முக்கியக் காரணமாகப் படுகிறது.

ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள், வளம் முதலில், மெடிசிகள் பிறகு என்பது தெரியும்:

1. 1296: பேராலயக் கட்டுமானம் தொடக்கம்
2. 1340கள்: ஃபிளாரன்ஸின் பெரிய வங்கிகளான பார்டி, பெருஸ்ஸி திவால்
3. 1397: மெடிசி வங்கி தொடக்கம்
4. 1434: மெடிசி குடும்பத்து கோசிமோ கையில் நகர அதிகாரம்

அதற்காக மெடிசிகளை ஓரங்கட்டிவிடாதீர்கள். போப்பின் பணத்தைக் கையாண்டு பெரும் லாபம் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் புகழின் உச்சமான, கோசிமோவின் பேரன் லோரென்சோ காலத்தில் அந்த வங்கியே நலிந்துகொண்டிருந்தது. இதையும் கட்டுரையில் சேருங்கள்.