சாட்பாட் பதில் சொல்லும் காலத்தில் நம்ம ஊர் வியாபாரம்: கேள்வி பதில்

பர்கூர், துணிக்கடை: அண்ணா, ராத்திரி 11 மணிக்கும் வாட்ஸ்அப்பில் சேலை விலை கேட்கிறார்கள். தானாகவே பதில் சொல்லும் ஏஐ பாட் (சாட்பாட்) போட்டுவிடலாமா?

அவசரம் வேண்டாம். முதலில் ஒரு மாதத்து வாட்ஸ்அப் உரையாடல்களைப் புரட்டுங்கள். விலை, ஸ்டாக், எப்போது வந்து சேரும், மாற்றித் தருவீர்களா என்ற நாலு கேள்விதான் பெரும்பாலும் சுற்றிச் சுற்றி வரும். இதற்கு இலவச வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பே போதும். அதிலுள்ள கேட்டலாக்கில் (பொருள் பட்டியல்) விலையோடு துணி வகையும் நீளமும் எழுதுங்கள். ரவிக்கைத் துணி சேர்ந்ததா, தனியா என்பதும் அதில் இருக்கட்டும். அடிக்கடி தரும் பதில்களை க்விக் ரிப்ளையில் சேமித்தால், சாய்வுக்கோடு (/) தட்டியதும் வந்துவிடும். கடை மூடிய நேரத்தில் தானாகப் போகும் அவே மெசேஜில் "விரைவில்" என்று போடாமல் "காலை 9 மணிக்குப் பதில் வரும்" என்று போடுங்கள்.

கோளாறு வருவது ஸ்டாக்கில்தான். தீர்ந்துபோன சேலையை அன்றைக்கே கேட்டலாக்கில் மறைக்க வேண்டும். நாளை பாட் வைத்தாலும் அது இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பேசும். பட்டியலில் தப்பு இருந்தால் அதையே நூறு பேருக்குச் சொல்லிவிடும்.

கிருஷ்ணகிரி, மாம்பழக்கூழ்: பாட் தப்பாகச் சொன்னால் யார் பொறுப்பு?

நீங்கள்தான். ஏர் கனடாவின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்த வழக்கில், 2024-ல் கனடாவின் தீர்ப்பாயம் ஒன்று நிறுவனத்தையே இழப்பீடு தரச் சொன்னது. சர்க்கரை சேர்த்ததா, எத்தனை மாதம் தாங்கும் என்பதற்கு லேபிளில் உள்ள வரியை மட்டுமே பாட் காட்டட்டும். "எனக்குச் சுகர் இருக்கு, சாப்பிடலாமா?" என்று கேட்டாலோ, பணத்தைத் திருப்பிக் கேட்டாலோ உடனே ஆளிடம் மாற்றிவிட வேண்டும்.

தர்மபுரி, ராகி மாவு: வயதானவர்கள் வாய்ஸ் நோட்தான் அனுப்புகிறார்கள் சார். மெஷினுக்குப் புரியுமா?

தமிழ் ஓரளவு நன்றாகவே புரிகிறது. இனி ஆர்டர்கள் பேச்சிலேயே அதிகம் வரும் என்பது என் கணிப்பு. தடுமாற்றம் அளவிலும் வட்டாரப் பெயரிலும்தான். கேவுரு, கேழ்வரகு, ராகி மூன்றையும் ஒரே பொருளுக்குப் பதிந்து வையுங்கள். "ஒன்றரை கிலோ" என்றால் "1.5 கிலோ, இன்ன விலை" என்று எழுத்தில் திருப்பி அனுப்பி, சரி என்று வந்த பிறகே பணம் கேளுங்கள். ஓசூர் பக்கம் விற்றால் தெலுங்கும் கன்னடமும் வேண்டும்.

பாலக்கோடு: வாட்ஸ்அப் ஏபிஐ (பாட்டை வாட்ஸ்அப்போடு இணைக்கும் வசதி) எடுத்தோம். மூன்றாம் நாள் பதில் போட்டால் போகவில்லை, ஏன்?

வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம்தான் இஷ்டப்படி பதில் எழுதலாம். அதற்குப் பின் வாட்ஸ்அப்பிடம் முன்கூட்டி ஒப்புதல் பெற்ற டெம்ப்ளேட் (மாதிரிச் செய்தி) மட்டுமே போகும். "உங்கள் கேள்விக்குப் பதில் தயார், பார்க்கலாமா?" என்ற வகையில் ஒன்றை இப்போதே ஒப்புதலுக்கு அனுப்புங்கள். அவர் பதில் போட்டதும் 24 மணி நேரம் மறுபடி திறக்கும்.