அரபு இலக்கிய வகைகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படி அறிமுகப்படுத்துவது? – கேள்வி பதில்

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை): உஸ்தாத், பாடநூல் ஜாஹிலிய்யா (இஸ்லாத்துக்கு முந்தைய காலம்), உமையா, அப்பாஸிய்யா ஆட்சிக்காலங்கள் என்று காலவரிசையில் போகிறது. இரண்டாவது வாரமே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: காலவரிசையைப் பரீட்சைக்கு முந்தைய மாதம் பார்த்துக்கொள்ளலாம். முதல் நாள் கரும்பலகையில் ஒரே ஒரு அடியை எழுதுங்கள். நான் எழுதுவது ஜாஹிலிய்யாக் காலக் கவிஞன் இம்ருவுல் கைஸின் 'முஅல்லகா' என்ற புகழ்பெற்ற நெடுங்கவிதையின் தொடக்கம்:

கிஃபா நப்கி மின் திக்ரா ஹபீபின் வ மன்ஸிலி
பிஸிக்தில் லிவா பைனத் தகூலி ஃபஹவ்மலி

"நில்லுங்கள் இருவரும்; அன்புக்குரியவளையும் அவள் தங்கிய இடத்தையும் நினைத்து அழுவோம்" என்று தொடங்கி, அந்த இடம் எது என்று ஊர்ப்பெயர்களோடு சொல்கிறான். இங்கே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். 'கிஃபா' இருமை வினை, இரண்டு பேரைப் பார்த்துச் சொல்வது. கவிஞனோடு சேர்த்து மூன்று பேர். தமிழில் இருமை இல்லாததால் பிள்ளைகளுக்கு இது புதுசு.

பிறகு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மன்ஸிலி, ஹவ்மலி. இனி கவிதை முடியும்வரை ஒவ்வொரு அடியும் 'லி' என்றே முடியும். நம் காது அடியின் முதலில் எதுகையைத் தேடும். அங்கே ஓசை வாலில், நம் இயைபு மாதிரி. இரண்டு பாதியாகப் பிரிந்த அடி, ஒரே சந்தம், ஒரே வால் ஓசை: கஸீதா என்னும் இந்த நெடுங்கவிதை வகையின் உருவம் புரிந்துவிட்டது. சந்தங்களை 8ஆம் நூற்றாண்டில் பஸரா நகரத்து அறிஞர் கலீல் 15ஆக வகுத்தார், பின்னால் ஒன்று கூடி 16 ஆனது. இந்த அடியின் சந்தம் 'தவீல்'. மற்ற பதினைந்தின் பெயரையும் மனப்பாடம் செய்யச் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி (பதினொன்றாம் வகுப்பு மாணவர்): கஸீதாவைப் பாலைத்திணையோடு ஒப்பிட்டு எழுதலாமா?

பதில்: எழுதுங்க தம்பி, ஆனால் வேறுபாட்டையும் எழுதணும். பாலையில் அவன் பொருள் தேடிப் போகிறான், அவள் வீட்டில் இருக்கிறாள். கஸீதாவின் தொடக்கமான நஸீபில் அவள் கூட்டத்தார் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம், கரி படிந்த அடுப்புக்கல்லும் கூடாரத்தைச் சுற்றி வெட்டிய வாய்க்காலும். வந்து நிற்பவன் இவன்! அதோடும் முடியாது, ஒட்டகப் பயணம் வரும், கடைசியில் குலப்பெருமையோ புகழ்ச்சியோ வரும்.

கேள்வி (ஒரு பெற்றோர்): உரைநடையில் பிள்ளைகள் சிரித்துப் படிக்கிற மாதிரி ஏதாவது?

பதில்: மகாமா. வால் ஓசை ஒத்துவரும் உரைநடையில் (ஸஜ்வு) ஒரு ஊர்சுற்றிப் பேச்சுக்காரனின் கதை. 10ஆம் நூற்றாண்டில் ஹமதானி எழுதியவற்றில் 'மளீரா' மகாமாவைத்தான் எடுப்பேன். மளீரா என்றால் புளித்த பாலில் வெந்த கறி. ஒரு வியாபாரி அந்தப் பேச்சுக்காரன் அபுல் ஃபத்ஹை அதற்காக விருந்துக்கு அழைக்கிறான். போகிற வழியெல்லாம் மனைவியின் கைப்பக்குவம், தெருவின் பெருமை. வீட்டுக்கு வந்தால் கதவு, கெண்டி, தாம்பாளம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு. கறி மட்டும் வரவில்லை. அபுல் ஃபத்ஹ் எழுந்து ஓட, வியாபாரி "அபுல் ஃபத்ஹே, மளீரா!" என்று கத்திக்கொண்டு துரத்த, அதுதான் அவன் பட்டப்பெயர் என்று தெருப்பையன்களும் கத்துகிறார்கள். கோபத்தில் எறிந்த கல் வேறொருவன் தலையில் பட்டு, இரண்டு வருடம் சிறை. எங்கள் வகுப்பில் இதைப் படித்ததிலிருந்து யார் வளவளத்தாலும் "மளீரா!" என்ற குரல் வருகிறது, எனக்கும் சேர்த்து.

கேள்வி: ஆயிரத்தொரு இரவுகள்? அலாவுதீன் என்றால் பிள்ளைகளுக்குத் தெரியுமே.

பதில்: சேர்க்கலாம். ஆனால் பழைய அரபுச் சுவடிகளில் அலாவுதீன் கதை இல்லை. அலெப்போ நகரத்து ஹன்னா தியாப் 1709இல் பாரிஸில் சொல்ல, ஆயிரத்தொரு இரவுகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த கலான் தன் நூலில் சேர்த்துக்கொண்டது. 'கலீலா வதிம்னா' என்ற விலங்குக் கதை நூலையும் கூட வையுங்கள். நம் பஞ்சதந்திரம் பஹ்லவி என்ற பழைய பாரசீக மொழி வழியாகப் போய், 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்ஃபா கையில் அரபானது.

கேள்வி: குர்ஆன் செய்யுளா, உரைநடையா?

பதில்: இரண்டிலும் வைப்பதில்லை. அரபு மரபில் அதற்குத் தனி இடம்.

கேள்வி: இந்த வகைகள் தமிழுக்கு வந்தனவா?

பதில்: கஸீதாவின் அந்த உருவம் வேர்விடவில்லை. மசலா, கிஸ்ஸா, முனாஜாத்து என்ற பெயர்கள் அரபிலிருந்து வந்தவை. மசலா என்றால் கேள்வி, கிஸ்ஸா என்றால் கதை, முனாஜாத்து என்றால் இறைவனிடம் மனமுருகி வேண்டுவது. வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' 1572இல் வந்தது.

கேள்வி: நவீன இலக்கியத்துக்கு ஒரே ஒரு பீரியட்தான் இருக்கிறது, உஸ்தாத்.

பதில்: அப்படியானால் 1913இன் 'ஸைனப்' நாவல், ஒரே வால் ஓசையை உடைத்த நாஸிக் அல்மலாயிகாவின் 1947 'காலரா' கவிதை, 1988இல் நோபல் வாங்கிய எகிப்திய நாவலாசிரியர் நஜீப் மஹ்ஃபூஸ், மூன்றையும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். மீதி நேரம் தாஹா ஹுஸைனின் தன்வரலாறு 'அல்அய்யாம்'. பார்வை இழந்த சிறுவனுக்கு வீட்டு வாசலில் ஒரு வேலி. முயல்கள் தாண்டும், இடுக்கில் நுழையும், இவனால் முடியாது. அந்த முதல் அத்தியாயத்தை மட்டும் கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள்.