மே மாதத்தில் கற்பிட்டி டால்பின் பேக்கேஜ்: பணம் கட்டலாமா?

கேள்வி: நாங்கள் மதுரை. பள்ளி விடுமுறைக்காக மே மூன்றாவது வாரம் இலங்கையில் கற்பிட்டிக்கு ஐந்து நாள் போக ஆசைப்படுகிறோம். நான், கணவர், 11 வயது மகள், 7 வயது மகன், 68 வயது மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. டிராவல் ஏஜென்ட் 'டால்பின் பேக்கேஜ்' என்று ஒன்று சொல்லி, 5,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார். மீதி முழுவதையும் இந்த வாரமே கட்டச் சொல்கிறார். டால்பின் பார்க்க முடியுமா? பிள்ளைகள் கடலில் இறங்கலாமா? பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். கற்பிட்டி அருமையான ஊர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஊரை மே மூன்றாவது வாரத்தில் டால்பினுக்காக விற்பது, மாமரத்தைக் கார்த்திகையில் காட்டிப் பழம் விற்பது மாதிரி.

ஏன் என்று சொல்கிறேன், எளிய விஷயம்தான். இலங்கை வரைபடத்தில் மேற்குக் கரையைப் பாருங்கள். புத்தளத்துக்குப் பக்கத்தில் வடக்கு நோக்கி நீட்டிய விரல் மாதிரி ஒரு நிலத்துண்டு இருக்கும். அதுதான் கற்பிட்டித் தீபகற்பம். விரலின் மேற்குப் பக்கம் திறந்த கடல், கிழக்குப் பக்கம் புத்தளம் களப்பு, அதாவது காயல். ஒரே ஊரில் இரண்டு தண்ணீர். டால்பின் இருப்பது மேற்குப் பக்கக் கடலில். அந்தக் கடலைத்தான் தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து அறைகிறது. மே நடுவிலிருந்து அது எப்போது வேண்டுமானாலும் பிடித்துவிடும், அப்புறம் அக்டோபர் வரை அலை அடங்காது. இந்தக் காற்றைத்தான் அங்கே மீனவர்கள் 'கச்சான் அடிக்கிறது' என்பார்கள். டால்பின் படகு ஓடும் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அதிலும் ஜனவரி முதல் மார்ச் வரை கடல் தட்டுப்போல் கிடக்கும்.

நான் இந்தச் சுற்றுலாத் தொழிலுக்கு வந்த புதிதில் இதே தப்பைச் செய்தேன். மே கடைசியில் ஒரு குடும்பத்தை அழைத்துக்கொண்டு போனேன். காலை ஐந்தே முக்காலுக்குக் கரையில் நின்றோம். பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட்கூட மாட்டியாகிவிட்டது. படகுக்காரர் சாரத்தை, அதாவது லுங்கியை, மடித்துக் கட்டிக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு அலை உடைந்து, அதன் நுரை எங்கள் செருப்பு வரைக்கும் வந்தது. "இன்டைக்கு ஏலாது" என்றார், அவ்வளவுதான். மறுநாளும் அதே சொல். அந்த மனிதர் நேர்மையானவர், ஒரு ரூபாய் வாங்கவில்லை. பேக்கேஜ் விற்ற இடைத்தரகர் மட்டும் "இயற்கைச் சீற்றத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று ஒரு காகிதத்தைக் காட்டினார். வருஷா வருஷம் ஒரே மாதத்தில் வரும் காற்று எப்படி இயற்கைச் சீற்றம் ஆகும் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

உங்கள் பேக்கேஜ் காகிதத்தையும் எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். 'வானிலைக்கு உட்பட்டது' என்று பொடி எழுத்தில் இருக்கும். முதல் பக்கத்தில் 'டால்பின் உறுதி' என்று கொட்டை எழுத்து, கடைசிப் பக்கத்தில் இது. படகு ஓடாவிட்டால் 'மாற்று ஏற்பாடாகக் களப்பில் படகுச் சவாரி' என்றும் ஒரு வரி இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஒருமணி நேரம் சதுப்புக் காட்டோரம் சுற்றிக்காட்டிவிட்டுக் கணக்கை முடித்துவிடுவார்கள்.

'மே மாதம்தான் அங்கே பீக் சீஸன் சார், அறையே கிடைக்காது' என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். அது பொய்யில்லை, அதுதான் இதில் தந்திரம். மே முதல் அக்டோபர் வரை கற்பிட்டி நிஜமாகவே நிரம்பி வழியும், காற்றாடியைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று சறுக்கும் கைட் சர்ஃபிங் ஆட்களால். ஐரோப்பாவிலிருந்து அந்தக் காற்றைத் தேடித்தான் வருகிறார்கள். அவர்களுக்கு வரம், உங்களுக்குச் சாபம். அவர்களுடைய சீஸனைக் காட்டி உங்களிடம் டால்பினை விற்கிறார்கள். படத்தில் பின்னால் வண்ண வண்ணமாகக் காற்றாடி பறந்தால் அது உங்கள் மகன் குளிக்கக்கூடிய நாள் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் கடலில் இறங்குவது பற்றி: மே மூன்றாவது வாரம், மேற்குக் கரையில் இருக்கும் ஆலங்குடா பக்கத்துத் திறந்த கடலில் ஏழு வயதுப் பிள்ளையை இறக்காதீர்கள். முழங்கால் அளவுதானே என்று நினைப்போம், திரும்பும் அலை காலடி மணலோடு இழுக்கும். இதில் பேச வேறொன்றும் இல்லை.

சரி, களப்பில் இறக்கலாமா? இதற்கு மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் 'கடல் இல்லாவிட்டால் களப்பு இருக்கிறதே' என்றுதான் அடுத்து உங்களைச் சமாதானப்படுத்துவார்கள். புத்தளம் களப்பு ஆழம் குறைந்தது, பெரும்பாலான இடங்களில் ஒன்றிரண்டு மீட்டர்தான். அலை இல்லை. அந்த வகையில் பிள்ளைகளுக்குக் கடலைவிட எவ்வளவோ மேல். ஆனால் எல்லா இடமும் ஒன்றில்லை. சில இடத்தில் அடியில் சேறு, கால் புதையும். சில இடத்தில் கடற்புல். மீன்பிடி வலை கட்டிய கம்புகள் தண்ணீருக்குள் நிற்கும். கைட் ஆட்கள் பயிற்சி எடுக்கும் திட்டுகளில் பிள்ளைகளை விடவே கூடாது, பலகை வேகமாக வரும், கயிறு கண்ணுக்கே தெரியாது. நேரமும் முக்கியம். காலை ஒன்பது மணிக்கு முன்னால் காற்று பொதுவாகக் குறைவு, வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். ஆக, காலையில், கைட் பள்ளிகளை விட்டுத் தள்ளி, உள்ளூர் ஆள் ஒருவர் இறங்கிக் காட்டிய இடத்தில், இடுப்பளவுக்கு மேல் போகாமல், லைஃப் ஜாக்கெட்டோடு என்றால் களப்பில் இறங்கலாம். காலை ஏழு முதல் ஒன்பது வரை சேற்றுத் தண்ணீரில் நிற்பதற்காக ஐந்து பேர் விமானம் ஏறுவது தகுமா என்பது உங்கள் கணக்கு. என் கணக்கில் தகாது.

உங்கள் மாமியாரைப் பற்றிப் பேக்கேஜில் ஒரு வார்த்தை இருக்காது. டால்பின் பார்க்கப் போவது சொகுசுக் கப்பல் இல்லை. வெளி எஞ்சின் பொருத்திய கண்ணாடி நார்ப் படகு. பல இடங்களில் படகுத்துறையும் கிடையாது. தண்ணீரில் முழங்கால் வரை நடந்து, படகின் விளிம்பில் கையை ஊன்றி, ஒரு காலைத் தூக்கி உள்ளே போடவேண்டும். அந்த நேரத்தில் படகும் சும்மா நிற்காது. உள்ளே குறுக்குப் பலகை, சாய்வு இல்லை, சிலவற்றில் நிழலும் இல்லை, கழிப்பறைக்கு வழியே இல்லை. இரண்டு மூன்று மணி நேரம். நல்ல சீஸனில்கூட முழங்கால் வலி உள்ளவர்களைக் கரையில் விடச் சொல்வேன். ஸ்பின்னர் டால்பின்கள் நூற்றுக்கணக்கில் கூட்டமாக வந்து பம்பரம் மாதிரி சுழன்று குதிப்பது பார்க்கவேண்டிய காட்சிதான். ஆனால் முழங்காலைப் பணயம் வைத்து வேண்டாம்.

இனி இடைத்தரகர்கள் வழக்கமாகக் கைவைக்கும் இடங்கள்.

முதல் இரவு கொழும்பில் தங்க வைப்பார்கள். தேவையே இல்லை. விமான நிலையம் கொழும்பில் இல்லை, வடக்கே கட்டுநாயக்காவில் இருக்கிறது, கற்பிட்டியும் வடக்கேதான். நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம் சாலையில் போய், புத்தளத்துக்குச் சற்று முன்னால் பாலாவியில் இடப்பக்கம் திரும்பினால் தீபகற்பம். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடலாம். கொழும்புக்குப் போய்த் திரும்புவது ஹோட்டல் கமிஷனுக்காகத்தான்.

'அங்கே மொழி தெரியாது, வழிகாட்டி வேண்டும்' என்பார்கள். இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். கற்பிட்டி நகரில் கடைக்காரர், ஆட்டோக்காரர், படகுக்காரர் என்று பாதிப்பேருக்கு மேல் வீட்டில் பேசுவதே தமிழ். நீங்கள் நேராகப் பேசினால் விலை தெரிந்துவிடும் என்பதால்தான் நடுவில் ஒரு ஆளை நிறுத்துகிறார்கள்.

'கடல் பார்த்த அறை' என்றால் எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். களப்பைக் காட்டியும் கடல் என்பார்கள். கற்பிட்டிக்குப் போகும் வழியில் நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் இருக்கிறது. அதன் புகைபோக்கி வெகுதூரத்துக்குத் தெரியும். ஒரு படத்திலும் அதைக் காட்டமாட்டார்கள், கேமராவை அந்தப் பக்கம் திருப்பவே மாட்டார்கள் போலிருக்கிறது. தங்கும் விடுதி இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு பெற்றதா என்றும் கேளுங்கள். பதிவு எண் கேட்டதும் 'நம்ம ஆள்தான் மேடம்' என்று பதில் வந்தால் அந்த விடுதி வேண்டாம்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டதிலிருந்து, 'பக்கத்துக் கரைதானே' என்று அதையும் இதோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். காங்கேசன்துறை யாழ்ப்பாணத்துக்கும் வடக்கே. அங்கிருந்து கற்பிட்டிக்குத் தரைவழி முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். மதுரையிலிருந்தே கொழும்புக்கு விமானம் இருக்கும்போது இது எதற்கு?

விசா. இந்தியர்களுக்கு ஈ.டி.ஏ. எனப்படும் மின்னணு அனுமதி. விண்ணப்பிப்பது சுலபம், நீங்களே போனில் செய்துவிடலாம். இணைய முகவரி ஜி.ஓ.வி. புள்ளி எல்.கே. என்று முடியவேண்டும், மற்றதெல்லாம் இடையில் காசு பார்க்கும் கடைகள். அரசுச் சின்னம் மாதிரியே போட்டு ஏமாற்றுவார்கள். மக்கள் ஏன் ஏமாறுகிறார்கள் என்றால் அரசே குழப்புகிறது. 2024இல் ஏப்ரலில் பழைய முறையை எடுத்துவிட்டு வேறொரு முறையைக் கொண்டுவந்தார்கள், வழக்கு நடந்து, உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்து, பழையதற்கே திரும்பினார்கள். கட்டணமும் சலுகையும் அதைப்போலவே வரும், போகும். போன வருஷம் போய்வந்த மாமா சொன்னதை நம்பாமல், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் அரசுத் தளத்தில் பாருங்கள். பிள்ளைகளுக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். பாஸ்போர்ட்டில் ஆறு மாத ஆயுள் மீதமிருக்கவேண்டும்.

அப்போது என்ன செய்வது? இரண்டு வழி.

மே மாதம்தான் முடியும் என்றால் கற்பிட்டியை விடுங்கள், தீவின் மறுபக்கம் திருகோணமலைக்குப் போங்கள். மேற்குக் கரை கொந்தளிக்கும் அதே மாதங்களில் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும், மலைகள் காற்றை மறைத்துக்கொள்கின்றன. நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளில் கரையோரமாகப் பிள்ளைகள் நிம்மதியாக விளையாடலாம், பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் போதும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அந்தக் கடலில் டால்பினோடு நீலத் திமிங்கிலமும் வரும். உங்கள் மாமியாருக்கு இன்னொன்று: ஞானசம்பந்தர் பாடிய திருக்கோணேச்சரம் அங்கேதான், கடலுக்குள் நீண்ட பாறை முனையில். கொஞ்சம் ஏறவேண்டும், ஆனால் பெரும்பகுதி தூரம் ஆட்டோ போகும். ஒரே குறை, விமான நிலையத்திலிருந்து ஆறு மணி நேரப் பயணம். நடுவில் எங்காவது ஒரு இரவு தங்கிப் போங்கள்.

கற்பிட்டியேதான் வேண்டும் என்றால் பொங்கல் விடுமுறை வரை பொறுங்கள். ஜனவரி அதற்கென்றே ஆன மாதம். போகிற வழியில் சிலாபத்துக்குப் பக்கத்தில் முன்னேஸ்வரம் கோயில், ஊரில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கோட்டை. கோட்டை கடற்படையின் கையில் இருப்பதால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் போவதானால் தலவில புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழா தேதியைப் பார்த்துவிட்டு அறை போடுங்கள், அந்த நாட்களில் தீபகற்பத்துக்கு இருக்கும் ஒரே சாலை நகராது. படகுக்குப் பணம் கரையில், அன்றைக்கு, படகு திரும்பிய பிறகு. போன் வழியாகப் பணம் கட்டும் யு.பி.ஐ. 2024 பிப்ரவரியிலேயே இலங்கைக்கு வந்துவிட்டதுதான், ஆனால் சாரம் கட்டிய படகுக்காரரிடம் க்யூ.ஆர். அட்டையைத் தேடாதீர்கள், இலங்கை ரூபாய் நோட்டாக வைத்திருங்கள்.

ஏஜென்ட்டிடம் சண்டை வேண்டாம். போனில் பேசவும் வேண்டாம், பேச்சில் அவர்தான் ஜெயிப்பார். வாட்ஸ்அப்பில் இப்படி ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: "நாங்கள் தங்கும் நாட்களில் டால்பின் படகு கடலுக்குப் போகாவிட்டால் அந்தப் பங்கைத் திருப்பித் தருவீர்களா? ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் சொல்லுங்கள். தேதியை ஜனவரிக்கு மாற்றினால் இந்த அட்வான்ஸைக் கணக்கில் எடுத்துக்கொள்வீர்களா?" நல்ல ஏஜென்ட் என்றால் தேதியை மாற்றித் தருவார், அவருக்கும் வியாபாரம் வேண்டும். 'நேரில் வாங்க, பேசிக்கலாம்' என்று மட்டும் பதில் வந்தால், அந்த 5,000 போனது போகட்டும், மீதியைக் கட்டாதீர்கள்.